குழலுக்குள் இருந்த சாயங்காலம்

மேட்டுத்தோட்டத்து வீட்டுச் செவுத்துல ஆணியில தொங்கிட்டிருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கிய யாரும் தொறந்து பாக்காததுக்குக் காரணம் பயம் இல்லைங்க, பக்தி. வருசா வருசம் ஆயுதபூசை அன்னைக்கு மம்முட்டி, கடப்பாரை, பம்புசெட்டு, மோட்டார்சைக்கிளோட சேத்து அதையும் எறக்கி வெச்சு, சந்தனத்தக் கொழச்சு நுனியிலிருந்து கட்டை வரைக்கும் பூசி, குங்குமம் வெச்சு, தேங்கா ஒடச்சு, சூடம் காட்டி, அப்படியே திரும்ப ஆணியில மாட்டிருவாங்க. பழைய சந்தனத்தச் சொரண்டுனா சாமி குத்தம்னு எவனோ ஒரு புண்ணியவான் சொல்லி வெச்சதுனால அது மேலயே புதுச் சந்தனம், அதுக்கு மேல அடுத்த வருசத்துச் சந்தனம்னு ஏறி ஏறி, உள்ள இரும்பு இருக்குதாங்கறதே எங்களுக்கு மறந்து போச்சு. குழலுக்குப் பின்னால ரெண்டு கொம்பு இருக்கும் பாருங்க, குதிரைம்பாங்க, விசைய இழுத்தா பொட்டுன்னு போய்த் தோட்டாவ அடிக்கறது, அதுல வலதுபக்கத்தது படுத்திருக்கும், எடதுபக்கத்தது நிமிந்து நிக்கும். நிமிந்தது பூ மாட்டறதுக்கு வாகா இருக்குதுன்னு சாமந்திச் சரத்த அதுலதான் மாட்டுவோம். நானும் மாட்டியிருக்கேன்.

எலக்சன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைக்கோணும்னு சட்டம் இல்லைங்களா, அப்பவும் அதே சந்தனத்தோடதான் போகும், அங்கிருந்தவங்களும் அதப் பாத்து ஒரு கும்பிடு போட்டுச் சீட்டுக் கட்டி மூலையில நிறுத்துவாங்க, ஓட்டு எண்ணி முடிஞ்சதும் திரும்பி வரும். எத்தன ஆட்சி மாறுச்சு, அதத் தொறந்து பாத்தவன் ஒருத்தன் கெடையாது.

நான் குரும்பமடுவுல மாவுமில்லு வெச்சிருக்கற சரசா. மேட்டுத்தோட்டத்து வீட்டுக்கு எதுத்தாப்புலதான் என் மில்லு, அதனால நடந்தது பூராவும் என் கண்ணு முன்னால நடந்தது. வேற யாராவது வேற மாதிரி சொன்னா, போய் வேலையப் பாருன்னு சொல்லிருங்க.

அந்தத் துப்பாக்கி நஞ்சப்பண்ணனோடது. நாங்கெல்லாம் கல்யாணமாகிப் புதுசா வந்திருந்த காலத்துல, ஒரு ஐப்பசிச் சாயங்காலம், ராகிக்காட்டுல பன்னி எறங்குதுன்னு அவரு பாறை மேல ஏறி உக்காந்திருந்தாரு. தூறல், மூடுபனி. பொதர் அசைஞ்சுது, சுட்டாரு. பொதருக்குள்ள இருந்தது பன்னி இல்ல, பக்கத்துக்காட்டு வெள்ளிங்கிரி. என்னோட சிநேகிதி தெய்வானையோட புருசன், அவங்களுக்குக் கல்யாணமாகி ஒரு ஆடி கூடக் கழியல. பன்னி குத்திருச்சுன்னு ஊரே சேந்து சொல்லி முடிச்சோம். தெய்வானைக்கும் உண்மை தெரியும், தெரிஞ்சும் அவ ஒருத்தரையும் கை காட்டல. நஞ்சப்பண்ணன் துப்பாக்கிய அன்னைக்கு இருந்தபடியே ஆணியில மாட்டி, இத யாரும் தொறக்கப்படாதுன்னு சொன்னவருதான், சாகற வரைக்கும் அதிகமாப் பேசவே இல்ல. அவரு பயந்து சொன்னத நாங்க சாமி சொன்னதா எடுத்துக்கிட்டோம்.

அவரு போனதுக்கப்பறம் மகன் சாந்தகுமாருக்கு இது பழைய காலத்துச் சாமானாச்சே, என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு தோணுச்சு. கோயமுத்தூர்ல துப்பாக்கி ரிப்பேர்க் கடை வெச்சிருக்கற ஷாகிரா பானுவக் கூட்டிட்டு வந்தான். நாப்பது வயசுக்காரி, முகத்துல சிரிப்புங்கறதே கெடையாது, நான் போட்டுக் குடுத்த காப்பியக் குடிச்சுட்டு "சீனி ஜாஸ்தி"ன்னு சொன்னா பாருங்க, அப்பவே எனக்குப் புடிக்காமப் போச்சு.

வாசல்ல மாவு மூட்டை ரெண்ட அடுக்கி, அது மேல துப்பாக்கிய வெச்சு, குழலோட வாய மண்கரைப் பக்கமாத் திருப்பி, "இதுக்கு நேரா ஒருத்தரும் நிக்கக்கூடாது, ஆடு கோழி கூட"ன்னு சுண்ணாம்புல கோடு போட்டா. தேங்கா எண்ணெயும் துணியுமா வருசக்கணக்கான சந்தனத்தக் கரைச்செடுக்க எடுக்க, உள்ளயிருந்து இரும்பு வந்துச்சு. என்ன இரும்புங்க அது! பாய் பின்னுனாப்ல நெளிநெளியாக் கோடு, ஒரு நெளி இன்னொண்ணுக்குள்ள புகுந்து ஓடுது.

"இது முறுக்குக் குழல்"னா. "இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாச் சேத்து முறுக்கி, கம்பி மேல சுத்திச் சுத்தி அடிச்சுப் பண்ணுனது. பாக்கறதுக்கு அழகு. கரிமருந்துக் காலத்துல பண்ணுனது, இப்பக் கடையில விக்கற தோட்டாவப் போட்டா சுடறவனோட கையே போயிரும்."

"அப்பத் தோட்டா போடாட்டி ஆபத்தில்லையாக்கா?"ன்னான் சாந்தகுமாரு.

எடதுபக்கக் குதிரையத் தொடச்சவ அப்படியே நின்னுட்டா.

"இது ஏன் நிமிந்து நிக்குது?"

"அதுலதான் பூ மாட்டுவோம்"னேன் நான்.

"யா அல்லா! தோட்டாவ உள்ள வெச்சு, சுடறதுக்கு ஏத்தி வெச்சிருக்கற குதிரையில பூ மாட்டுனீங்களா?"

ரெட்டைக்குழல்ல அன்னைக்கு ஒரு குழல்தான் வெடிச்சுது, இன்னொண்ணு வெடிக்கத் தயாரா, அத்தன ஆயுதபூசைக்கும், அத்தன எலக்சனுக்கும், கொழந்தைங்க கும்பிட்டுத் திண்ணூறு வாங்கற கூடத்துல தொங்கியிருக்குது. ஷாகிரா கட்டைவிரல்ல குதிரைய இறுக்கிப் புடிச்சு, இன்னொரு கையில விசைய மெதுவா இழுத்து, தூங்கற கொழந்தையத் தொட்டில்ல விடறாப்ல எறக்கி விட்டா. அதுக்கப்பறந்தான் மூச்சு விட்டா.

அப்பறம் தோட்டாவ எடுக்கறதுக்காகத் துப்பாக்கிய மடக்கித் தொறக்கற சாவியத் தள்ளுனா. ஒரு வெரக்கடை அளவுக்குத் தொறந்துச்சு, அதுக்கு மேல வர மாட்டேன்னுச்சு. அந்த எடைவெளி வழியாச் சாயங்காலம் வெளிய வந்துச்சு.

ஆமாங்க, சாயங்காலந்தான். நல்ல உச்சிவெயில்ல, வலதுகுழலோட வெளிம்புலயிருந்து மொதல்ல மண்வாசம் வந்துச்சு, அப்பறம் மஞ்சள் வெளிச்சம், அதுக்குள்ள தூறல், தூறலுக்குள்ள மூடுபனி. மாவு மூட்டையச் சுத்திப் பாயளவுக்குப் படுத்து, வாசலளவுக்கு விரிஞ்சு, ராத்திரிக்குள்ள வீட்டையே மூடிருச்சு. வாசலுக்கு வெளிய விடிஞ்சு, வெயிலடிச்சு, இருட்டி, மறுபடி விடியும். உள்ள அதே ஐப்பசிச் சாயங்காலம், கொஞ்சங்கொஞ்சமா நகந்துட்டே இருக்கும். ஷாகிரா மூடிப் பாத்தா, மூடல. பலவந்தம் பண்ணக்கூடாது, இதுவா என்ன பண்ணுதுன்னு இருந்து பாக்கோணும்னு சொல்லி, கடைக்குப் போன் போட்டுப் பூட்டச் சொல்லிட்டு என் வீட்டுலயே தங்கிட்டா. காப்பிக்குச் சீனி கம்மியாப் போட நானும் பழகிட்டேன்.

நாளாக நாளாகச் சாயங்காலம் தெருவுல எறங்கி வந்துச்சு. கோழிக அதுக்குள்ள கால வெச்சதும் பொழுது போயிருச்சுன்னு கூண்டுக்கு ஓடும், முட்டையே வெக்கல, அதனால வெயில் பக்கமாக் கட்டி வெச்சோம். மாரியம்மன் கோயில எட்டுனப்பப் பூசாரி வெளக்கேத்துனாரு, ஏத்துன வெளக்க எப்ப அணைக்கறதுன்னு தெரியாம எண்ணெ ஊத்தி ஊத்தியே ஓஞ்சு போனாரு. பள்ளிக்கூடத்து வராந்தாவுல பாதிக்குச் சாயங்காலம் வந்ததும் அந்தப் பாதிப் பசங்க பைய எடுத்துட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க, வாத்தியாரு அம்புட்டுப் பேரையும் வேப்பமரத்துப் பக்கம், மத்தியானம் இருக்கற எடமாப் பாத்து உக்கார வெச்சாரு. பஸ்ஸு திருப்பத்துல லைட்டப் போட்டுட்டு உள்ள நொழைஞ்சு, அந்தப்பக்கம் வெயில்ல வந்து அணைச்சுக்கும். முல்லைத் தோட்டக்காரங்களுக்குத்தான் யோகம், மொட்டெல்லாம் நாள் பூராவும் விரிஞ்சுட்டே இருந்துச்சு. என் பொழப்புதான் நாறுச்சு, என்னைக்கோ பேஞ்ச தூறல்ல இன்னைக்கு அரைச்ச மாவு நமுத்துப் போகுது, இத எவங்கிட்டச் சொல்லி அழறது?

இதுல பெரிய அதிசயம் என்னன்னா, அந்தச் சாயங்காலத்து ஆளுகளும் உள்ளயே இருந்தாங்க. செத்துப்போனவங்கெல்லாம் அன்னைக்கு என்ன பண்ணிட்டிருந்தாங்களோ அதையே பண்ணிட்டிருந்தாங்க, நம்மள அவங்களுக்குத் தெரியாது. பூசாரியோட அப்பா கெணத்துமேட்டுல பீடி குடிச்சாரு. ரேடியோவுல எவனோ வெங்காய வெல சொன்னான். என் மாமியா என் மில்லு வாசல்ல நின்னு, இல்லாத என்னைப் பாத்து, வெறகு நனையுது, இவளுக்குப் பொறுப்பு இருக்குதான்னு திட்டுனா. செத்தும் விடலையேன்னு எனக்கு ஆத்திரம் வந்துச்சு, அப்பறம் பாருங்க, அந்தக் கொரலக் கேக்கறதுக்காகவே மில்ல நிறுத்திட்டு நான் போய் நின்னேன். சனங்க அழுதாங்க, சிரிச்சாங்க, எட்டி நின்னு கும்பிட்டாங்க.

ஒரு நாள் தெய்வானை வீட்டு வரைக்கும் சாயங்காலம் வந்துச்சு. அவ ஆட்டுக்குத் தழை ஒடிச்சுட்டு வந்தவ, தன் வீட்டு நடையிலயே நின்னுட்டா. உள்ளயிருந்து வெள்ளிங்கிரி வெளிய வந்தான். தலையில துண்டு, கையில டார்ச்சு லைட்டு, மீச கூடச் சரியா மொளைக்கல. நடையில குனிஞ்சு செருப்ப மாட்டிட்டு, உள்ள பாத்து, "பன்னி வெரட்டிட்டு வந்தர்றேன், சோத்த ஆற வெக்காத"ன்னான்.

நரச்ச தலையோட நின்னுட்டிருந்த தெய்வானை, "செரிங்க"ன்னா.

அவனுக்குக் கேக்கல. அவளத் தாண்டி, ராகிக்காட்டுப் பக்கமா நடந்தான். அங்க இன்னும் சாயங்காலம் போய்ச் சேரல, வெயில் வெளிம்பு வரைக்கும் போயி, எட்டு வெச்ச காலு வெச்சபடி நின்னுட்டான். அது நகர நகரத்தான் அவனும் நகருவான். தெய்வானை அவன் பக்கத்துலயே ஒரு சாக்க விரிச்சு உக்காந்துக்கிட்டா.

அவன் நடந்து போற வழி எங்க முடியும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பாறைக்குப் பக்கத்துல சாயங்காலம் எட்டற நாளு, நஞ்சப்பண்ணனும் அங்க இருப்பாரு.

"துப்பாக்கியத் தூக்கிக் கெணத்துல போட்டர்றேங்க்கா"ன்னு சாந்தகுமாரு அழுதான். "எங்கப்பா மறுக்கா அதப் பண்றத நான் பாக்க மாட்டேன்."

"போட்டா அதோட சாயங்காலமும் போயிரும்"னா ஷாகிரா.

"போடாத கண்ணு"ன்னா தெய்வானை. "அவரு அதுலதான் இருக்காரு."

ஷாகிரா எங்களக் கூட்டிட்டுப் போய்த் துப்பாக்கியக் காட்டுனா. தொறந்திருந்த எடைவெளி நாளுக்கு நாள் தானா மூடிட்டு வந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, படுத்துக் கெடந்த வலதுபக்கத்துக் குதிரை கொஞ்சங்கொஞ்சமா எந்திரிச்சுட்டிருந்துச்சு.

"இது அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிட்டிருக்குது"ன்னா. "முழுசா மூடி, குதிரை முழுசா நிமிந்துச்சுன்னா, அதுதான் அவரு சுடறதுக்கு முந்துன நொடி. அந்தத் தோட்டா இன்னும் வெடிக்கல."

தெய்வானை அவ மொகத்தையே பாத்தா. "அன்னைக்கு எடதுபக்கத்தத எறக்குனியாமே, சரசா சொன்னா. அதே மாதிரி இத எறக்க முடியாதா சாமி?"

"முழுசா நிமிந்து கொக்கியில உக்காந்தாத்தான் எறக்க முடியும், பாதியில தொட்டா அடிச்சுரும். உக்காந்ததுக்கும் சுடறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்குமோ தெரியாது. அது பழைய ஸ்பிரிங்கு, வெரல் வழுக்குச்சுன்னா..." கட்டைவிரலத் துணியில அழுத்தித் தொடச்சுக்கிட்டா.

அந்த நாள் வந்துச்சு. ஊர் முழுக்க வேலையப் போட்டுட்டு வந்து, பாறையிலிருந்து மேட்டுத்தோட்டத்து வாசல் வரைக்கும், கையெட்டற தூரத்துக்கு ஒருத்தரா வரிசையா நின்னாங்க. பாறைக்கிட்ட நிக்கறவன் பாக்கறத அடுத்தவனுக்குச் சொல்ல, அவன் அடுத்தவனுக்குச் சொல்ல, அப்படி வாயி வாயாச் சேதி வந்துச்சு. தெய்வானை புருசன் பக்கத்துல இருப்பான்னுதான் நான் நெனச்சேன். அவ அங்கயிருந்து எந்திரிச்சு, திரும்பிக் கூடப் பாக்காம நடந்து வந்து, துப்பாக்கிக்கு முன்னால ஷாகிராவோட மண்டி போட்டு உக்காந்துட்டா.

"போய்க் கடைசியா ஒருக்காப் பாத்துட்டு வா"ன்னேன்.

"கடைசியாப் பாக்கறதுக்கு நான் வரலை"ன்னா.

"நஞ்சப்பண்ணன் பாறையில ஏறிட்டாரு"ன்னு வந்துச்சு சேதி. மூடுபனி கெட்டியாச்சு. "வெள்ளிங்கிரி பொதருக்குள்ள எறங்கிட்டான்." எடைவெளி மூடி, துப்பாக்கி 'க்ளக்'குன்னு பூட்டிக்கிச்சு. "துப்பாக்கியத் தோள்ல வெச்சுட்டாரு!" வலதுபக்கக் குதிரை முழுசா நிமிந்து கொக்கியில உக்காந்துச்சு. ஷாகிரா பிஸ்மில்லான்னு சொல்லிக் கட்டைவிரல அது மேல வெச்சா, இன்னொரு கைய விசையில வெச்சா. குதிரை அவளுக்குக் கட்டுப்படல, எத்தனையோ வருசமா அடிக்கோணும்னு காத்திருந்த ஆத்திரத்தோட துடிச்சுது. அப்பத் தெய்வானை தன்னோட ஆள்காட்டி வெரலக் குதிரைக்கும் அது அடிக்கற முளைக்கும் நடுவுல வெச்சா.

"அக்கா, எடுங்க! வெரல் நசுங்கிரும்!"

"நசுங்கட்டும். நீ எறக்கு."

"பொதர் அசையுது!"ன்னு வரிசையில கத்துனாங்க. ஷாகிரா விசைய இழுத்தா. வேர்வையில அவ கட்டைவிரல் வழுக்குச்சு.

சத்தம் வந்துச்சுங்க. வெடிச்ச சத்தம் இல்ல. நகம் ஒடையற சத்தம். தெய்வானை கத்தல, பல்லக் கடிச்சுட்டு, கண்ணத் தொறந்தபடியே இருந்தா, ரத்தம் முறுக்குக் குழலோட நெளிக்குள்ள எறங்கி ஓடுச்சு. அப்பறம் தூரத்துல, பனிக்குள்ள, சேதியா இல்லாம நேராவே எங்க காதுல ஒரு கொரல் விழுந்துச்சு.

"அண்ணா! நானுங்க! வெள்ளிங்கிரி!"

"அடப்பாவி! வெடிச்சிருந்தா என்னடா ஆகியிருக்கும்!"ன்னு நஞ்சப்பண்ணன் அழுகையும் சிரிப்புமாக் கத்தறாரு. சாந்தகுமாரு தரையில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். ரெண்டு கொரலும் பேசிக்கிட்டே தூரமாப் போச்சு, தூறல் நின்னுச்சு, மஞ்சள் வெளிச்சம் கரைஞ்சு போச்சு, பாத்தா நல்ல உச்சிவெயில். கோழிக கொக்கரிச்சுது. பூசாரி வெளக்க அணைச்சாரு.

ஷாகிரா சாவியத் தள்ளுனா, துப்பாக்கி வெண்ணெயாட்டம் தொறந்துச்சு. ரெண்டு தோட்டாவ எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டுனா. ரெண்டுலயும் அடிபட்ட குழி இல்ல, ஒண்ணும் வெடிச்சதில்ல. அப்பறம் குழல மட்டும் தனியாக் கழட்டி, நூல்ல கட்டித் தொங்கவிட்டு, வெரல் முட்டியில ஒரு தட்டுத் தட்டுனா. கணீர்னுச்சு, எங்க கோயில் மணி கூட அப்படி அடிச்சதில்ல.

"ரெண்டு குழலையும் பத்த வெச்சு ஒட்டுன எடம் எங்கயும் விடல. நல்ல குழல்"னு சொன்னவ, மொதல் மொதலாச் சிரிச்சா. "ஆனா இனி இதுல யாரும் சுட வேண்டாம்."

தெய்வானைய நாந்தான் தாங்கிப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவன உசுரோட அனுப்பி வெச்சுட்டா, அந்தச் சாயங்காலமும் போயிருச்சு, இவ மட்டும் திரும்ப ஒண்டியா இந்த வீட்டுக்கு வரோணுமேன்னு நெனச்சுட்டே நடந்தேன்.

நடையில பெரிய செருப்பு ஒரு சோடி கெடந்துச்சு. உள்ள, மாலை போட்ட போட்டோ இருந்த எடத்துல காலண்டர் தொங்குச்சு. தொண்டையச் செருமிட்டு ஒரு ஆளு வெளிய வந்தாரு. மீச முழுக்க நரச்சு, தலையில அதே மாதிரி துண்டு.

"எங்க போய்த் தொலைஞ்ச, இத்தன நேரமா? சோறு ஆறிப்போச்சு"ன்னாரு. அப்பறம் கையப் பாத்துட்டாரு. "ஐயோ, என்ன ரத்தம்? கதவுல வெச்சு நசுக்கிட்டியா? சரசக்கா, நீயாச்சும் பாத்துக்கறதில்லையா?" தலையிலிருந்த துண்ட உருவிக் கிழிச்சு, அவ வெரலச் சுத்திக் கட்டுனாரு. தெய்வானை அவரு கையையே பாத்துட்டிருந்தா. அந்தக் கையில இருந்த தழும்பு, வெடிப்பு, வயசு, ஒண்ணும் அவளுக்குத் தெரியாது. அவ கூட இல்லாத வருசமெல்லாம் அந்தக் கையில இருந்துச்சு, அவரு கணக்குல அவ கூடவேதான் இருந்திருக்கா.

"பூங்கொடி போன் பண்ணுனாளா?"ன்னு கேட்டாரு.

தெய்வானை என்னைப் பாத்தா. எங்க ரெண்டு பேருக்கும் பூங்கொடின்னு யாரையும் தெரியாது. தெய்வானைக்குக் கொழந்தையே கெடையாதுங்க.

"திருப்பூர் போய்ச் சேந்ததும் பண்றேன்னா, இன்னும் காணம்"னு சொல்லிட்டே, சட்டைப் பையிலிருந்து பட்டன் போன எடுத்து, கண்ணாடி இல்லாமத் தூரமாப் புடிச்சு, நம்பர அமுக்குனாரு. மணி அடிச்சுது. நான் செவுத்தப் புடிச்சுக்கிட்டேன். மாரியாத்தா, எடுக்கட்டும், எடுக்கட்டும், எடுக்கட்டும்னு மனசுக்குள்ள கத்தறேன்.

மணி நின்னுச்சு.

"சொல்லு கண்ணு, போய்ச் சேந்துட்டியா? இரு, உங்கம்மா இங்கதான் நிக்கறா"ன்னு அவரு போன தெய்வானை காதுல வெச்சாரு.

"அம்மா"ன்னு ஒரு பொண்ணோட கொரல், எனக்கே கேட்டுச்சு. "சாப்டியா?"

தெய்வானை கட்டுப் போட்ட கையால போனப் புடிச்சுக்கிட்டா.

"இன்னும் இல்ல கண்ணு"ன்னா. "நீ சாப்டியா?"